மந்திரச் சமநிலைக் குழுவின் ஏழாம் அமர்வு

மனித குலம் இதுவரை எத்தனையோ குழுக்களை அமைத்திருக்கிறது. பாலம் இடிந்தால் ஒரு குழு. அந்தக் குழு ஏன் இன்னும் அறிக்கை தரவில்லை என்று ஆராய இன்னொரு குழு. இவற்றில் எதுவும் எங்கள் ‘மந்திரச் சமநிலைக் குழு’வின் கால்தூசிக்குப் பெறாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். உறுப்பினர்கள் ஐவர். அமர்வுகள் ஏழு. வரைவுத் தீர்மானங்கள் பதினெட்டு. உருட்டப்பட்ட பகடை ஒன்றுகூட இல்லை.

குழு ஆராய்ந்த கேள்வி லேசுப்பட்டதல்ல. பத்துச் சுற்று மட்டுமே நிற்கும் மந்திரம் பெரிதா, என்றென்றும் நிற்கும் மந்திர ஆயுதம் பெரிதா? இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் முள் எங்கே நிற்க வேண்டும்? இந்தக் கேள்வியை முதன்முதலில் எழுப்பிய பெருமை அடியேனைச் சேரும். தேதி, நேரம் எல்லாம் குறிப்பில் இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். வெட்டலாமா ஓடலாமா என்று நாம் சொல்வோம். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். சண்டையில் எல்லாருக்கும் ஒரு முறை வாய்ப்பு வந்து போனால் அது ஒரு சுற்று. கையில் மந்திர வாள் இருந்தாலோ, யாராவது நம் வாளுக்கு மந்திரம் போட்டிருந்தாலோ, பகடையில் விழும் எண்ணோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதில்தான் படித்தவர்களின் நட்பு முறிகிறது.

நாங்கள் எல்லாரும் படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பல் டாக்டரின் கிளினிக்கில் கூடுவோம். அன்று அவருக்கு விடுமுறை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில், கடைவாய்ப் பல்லைக் குறுக்கே அறுத்துக் காட்டும் படத்துக்குக் கீழே, மேசை போட்டிருக்கும். டாக்டர் ஆட்டத்திலும் வைத்தியர்தான். “வாரம் பூரா பண்றதையே இங்கயும் பண்ணணுமா?” என்று கேட்டால், “இங்க யாரையும் வாயைத் திறக்கச் சொல்ல வேண்டியதில்ல, அதான்” என்பார்.

கதை சொல்பவர் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். படிவம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். குழு அமைந்ததும் இயல்பாகவே தலைவரானார். அடுத்தவர் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர்; ஆட்டத்தில் திருடி, குழுவில் காரியதரிசி. ஆட்டம் நடக்கும்போதே யார் என்ன சொன்னார்கள் என்று மணி போட்டு எழுதிக்கொண்டிருப்பார். கை அதுபாட்டுக்கு ஓடும். “நிறுத்த முடியலப்பா. கல்யாண வீட்டுல கூட எழுதிட்டேன்” என்று ஒருமுறை சொன்னார்.

நான் சலவை இயந்திரக் கம்பெனியில் உத்தரவாதப் பிரிவு. மோட்டாருக்குப் பத்து ஆண்டு, மற்ற பாகங்களுக்கு இரண்டு. ‘நிரந்தரம்’ என்ற சொல்லை எங்கள் அட்டையில் அச்சிட வக்கீல் விடுவதில்லை. ஆட்டத்தில் நான் வீரன். சாதாரண இரும்பு வாள்.

ஐந்தாமவன் என் மச்சான், மனைவியின் தம்பி. மருந்துக் கடையில் வேலை. அவனிடம் ஒரு மந்திரக் கோடாலி உண்டு, அதற்கென்று ஓர் அட்டையும். நிரந்தரம். பகடையோடு ஒன்று கூட்டிக்கொள்ளலாம். எப்போதும் ஒன்றுதான். மழையானாலும் வெயிலானாலும் ஒன்று.

மேசையில் ஆறாவது நாற்காலியும் உண்டு. அது என் மனைவியுடையது. ஊரில் நில அளவையாளர், ஆட்டத்தில் மந்திரக்காரி. குழு அமைவதற்குப் பதினோரு மாதம் முன்பு இறந்துவிட்டாள். குழுவின் குறிப்புகளில் இந்தச் செய்தி இடம்பெறவில்லை. தலைவர் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த வருகைப் படிவத்தில் இரண்டு கட்டங்களே இருந்தன: ‘முன்னறிவிப்புடன் வராதோர்’, ‘முன்னறிவிப்பின்றி வராதோர்’. ஏழு அமர்வுகளிலும் இரண்டாவது கட்டத்தில் ‘ஒருவர்’ என்று பதிவாயிற்று. படிவத்தைக் குறை சொல்லக் கூடாது. பம்ப்செட் தொழிற்சாலைக்கு அது போதும்.

சிக்கல் இதுதான். கடைசி ஆட்டம் பாலத்தின் மேல், ஓர் அரக்கனோடு நடந்த சண்டையின் நடுவே நின்றுபோயிருந்தது. முதல் சுற்றிலேயே அவள் என் வாளுக்கு ஒரு மந்திரம் போட்டாள். “அதை வெச்சுக் காய்கூட நறுக்க முடியாது, இங்க குடுங்க” என்று சொல்லிவிட்டு, கிளினிக்கின் டோக்கன் அட்டை ஒன்றைத் திருப்பி எழுதி என் பக்கம் தள்ளினாள். ‘வாள் எரியும். மூன்று கூடுதல். பத்துச் சுற்று. வீணாக்காதீர்கள்.’ கீழே, நிலம் அளக்கிற பழக்கத்தில், அளவுகோல் வைத்தது மாதிரி பத்துக் கட்டம். சுற்று முடிய முடிய நான் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். ஏழு அடித்திருந்தேன்.

மூன்று பாக்கி.

பதினோரு மாதம் கழித்துத் தலைவரிடமிருந்து செய்தி வந்தது. ‘தவிர்க்க இயலாத இடைவெளிக்குப் பின் ஆட்டம் மீண்டும் தொடங்கும். வருகையை உறுதி செய்க.’ கீழே டாக்டரின் கட்டைவிரல். அதற்குக் கீழே காரியதரிசியின் கட்டைவிரல். மச்சான் ‘வரேன்’ என்று எழுதியிருந்தான். நானும் போனேன். பாலத்தில் அரக்கன் அப்படியே நின்றுகொண்டிருந்தான். நான் அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன். பகடையைக் கையில் எடுத்தேன்.

“ஒரு நிமிஷம்” என்றான் மச்சான். “அந்த மந்திரம் இன்னும் செல்லுமா?”

தண்ணீர்க் குடுவைக்குள் ஒரு குமிழி மேலே ஏறியது.

“விதிப்படி, மந்திரம் போட்டவங்க அதை மனசுல பிடிச்சிட்டு இருக்கற வரைக்கும்தான் மந்திரம் நிக்கும்” என்றான். “கவனம் கலைஞ்சா மந்திரமும் போயிடும். போட்டவங்க கவனம் எப்பக் கலைஞ்சுதுன்னு தெரியணும்.”

சொந்த அக்காவைப் ‘போட்டவங்க’ என்றான். விதி பேசுகிறவன் அப்படித்தான் பேச வேண்டும். ஒரு கோடாலிக்காரனுக்கு இவ்வளவு நுட்பமா என்று வியந்தேன். அவனுக்கு ஒன்றுதான், எனக்கு மூன்று. பொறாமை என்று நினைத்தேன். எல்லாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள், ஏனென்றால் உடனே எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி வந்தது. பொறாமையைச் சமாளிக்க நமக்குத் தெரியும். அதற்கென்று நடைமுறை இருக்கிறது.

தலைவர் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார். “இது தனிப்பட்ட பிரச்சனை இல்ல. அமைப்பு சார்ந்த பிரச்சனை. தற்காலிக மந்திரத்துக்கும் நிரந்தர ஆயுதத்துக்கும் நடுவுல சமநிலை இல்ல. ஒரு குழு போட்டுடலாம்.”

குழு போட்டோம்.

குழுவின் ஆய்வுத்திறனுக்குச் சில சான்றுகள் தருகிறேன். இரண்டாம் அமர்வில் டாக்டர் ஒரு கட்டுரை வாசித்தார். “மரத்துப்போற ஊசி ரெண்டு மணி நேரம். நான் கட்டற பல்லு பதினஞ்சு வருஷம். ஆனா பாருங்க, பேஷண்ட் என் கையைப் பிடிச்சிட்டு நன்றி சொல்றது ஊசிக்குத்தான். பல்லு கட்டினதுக்கு எவனும் நன்றி சொன்னதில்ல. ஆகவே தற்காலிகத்துக்கு மதிப்பு அதிகம்.”

“நன்றியை எந்த அலகுல அளக்கறது?” என்றார் தலைவர்.

“அது உங்க துறை.”

மூன்றாம் அமர்வில் காரியதரிசி தம் கருத்தைச் சொன்னார். அவர் நீதிமன்றத்தில் தற்காலிகப் பணியாளர். பதினாறு ஆண்டுகளாகத் தற்காலிகம். “எனக்கு மேல நிரந்தரமா இருந்தவங்க ஒம்போது பேர் ரிட்டயர் ஆயிட்டாங்க. நான் இன்னும் தற்காலிகமாத்தான் இருக்கேன். அதனால இந்த ரெண்டு வார்த்தைக்கும் அர்த்தம் சொல்லிட்டு அப்புறம் பேசுங்க.” சொற்களுக்குப் பொருள் காண உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. உபகுழுவிலும் நாங்கள் ஐவரே இருந்தோம். நாற்காலி மாற்றி உட்கார்ந்தோம்.

தலைவர் ஒரு சூத்திரம் கண்டார். வெள்ளைப் பலகையில் எழுதினார். மந்திரத்தின் வலிமையை அது நிற்கும் சுற்றுகளால் பெருக்கு, ஆயுதத்தின் வலிமையை அது வாழ்நாளில் காணும் சண்டைகளால் பெருக்கு, தேய்மானம் கழி. இந்தக் கணக்குப்படி, பத்துச் சுற்று எரியும் வாளும் முப்பது சுற்று வெட்டிய கோடாலியும் சமம். அதற்குப் பிறகு கோடாலி வெட்டுவதெல்லாம் லாபம். “இதுல யாருக்கும் நஷ்டம் இல்ல” என்றார் திருப்தியாக.

நான் உத்தரவாதப் பிரிவுக்காரன். இந்தச் சூத்திரத்தில் எனக்கு இயல்பாகவே மரியாதை வந்தது. வீட்டுக்குப் போய் எங்கள் திருமணத்தை அதில் போட்டுப் பார்த்தேன். நான்கு ஆண்டு, இரண்டு மாதம். வலிமை அதிகம், கால அளவு குறைவு. சூத்திரப்படி, முப்பது ஆண்டு சுமாராக வாழ்ந்த தம்பதிகளைவிட நான் எதையும் இழக்கவில்லை. விடை தசமப் புள்ளி இல்லாமல் வந்தது. அருமையான சூத்திரம்.

குழுவில் என் பங்களிப்பையும் சொல்லாமல் விடுவது அடக்கமாகாது. பதினெட்டு வரைவுத் தீர்மானங்களில் பதினொன்று என்னுடையவை. ஒத்திவைப்புத் தீர்மானங்களில் என்னை மிஞ்ச ஆளில்லை. முடிவு நெருங்கும்போதெல்லாம் ஒரு திருத்தம் கொண்டுவருவேன். எரிகிற வாளும் எரியாத வாளும் மழையில் எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராய வேண்டும் என்றேன். ஆராய்ந்தார்கள். இன்னொரு சேவையும் உண்டு. ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் காரியதரிசி தம் பழுப்பு நோட்டைத் திறந்து, “கடைசி ஆட்டத்தோட குறிப்பு இன்னும் ஒப்புதல் ஆகல. வாசிச்சிடட்டுமா?” என்பார். நான் உடனே கை தூக்குவேன். “நேரம் ஆகுது மேடம். வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாம்.” டாக்டர் வழிமொழிவார். தலைவர் தலையசைப்பார். நோட்டு மூடப்படும். இப்படி ஆறு அமர்வுகளில் குழுவின் பொன்னான நேரத்தில் குறைந்தது ஒரு மணி நேரத்தையாவது மிச்சப்படுத்தியிருக்கிறேன்.

மச்சான் மட்டும் ஒத்துழைக்கவில்லை. சூத்திரத்தில் அவனுக்கு ஆர்வமில்லை. கோடாலிக்கு இரண்டாக உயர்த்தித் தருகிறோம் என்றார் தலைவர். வேண்டாம் என்றான். நன்றி எந்த அலகு என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும்போது, ஒழுகுகிற குழாய் மாதிரி அதே கேள்வி. “கவனம் எப்பக் கலைஞ்சுது?”

ஐந்தாம் அமர்வின் இடைவேளையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றான். காகிதக் குவளையை எடுத்தான், தண்ணீர் பிடிக்கவில்லை.

“மாமா, அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்புறம்தானே அக்காவுக்குத் தலைவலி ஆரம்பிச்சுது?”

“ஆமா.”

“ஆஸ்பத்திரில அப்படித்தானே சொன்னீங்க.”

“ஆமா, மச்சான்.”

“அம்மா கேட்டாங்க. அதான்.” குவளையை நசுக்காமல் அப்படியே குப்பைக்கூடையில் வைத்தான். “ஆட்டம் அஞ்சு மணிக்கே ஏன் நின்னுதுன்னு யோசிச்சேன். ஆறு வரைக்கும் நடக்குமே. அன்னைக்கு எனக்குக் கடைல ஆள் வரல. நான் வந்திருக்கணும்.”

“அதெல்லாம் இல்ல. சும்மா சீக்கிரம் முடிஞ்சுது.”

தலையசைத்துவிட்டு உள்ளே போனான். நான் தண்ணீரைக் குடித்தேன். பிறகு உள்ளே போய், நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒரு விஷயத்தை, அதாவது வாளின் பிடிக்கும் மந்திரம் பொருந்துமா என்பதை, அவசரத் தீர்மானமாகக் கொண்டுவந்தேன். அது நாற்பது நிமிடம் ஓடியது.

அன்றிரவு ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தக்கசிவு என்று தெரிவதற்கு முன்பு, ஓர் இளம் டாக்டரும் என்னிடம் இதையேதான் கேட்டார். “தலைவலி எப்ப ஆரம்பிச்சுது?” என் வாயில் முதலில் வந்தது, “அஞ்சாவது சுத்துல.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “எந்தச் சுத்து?” பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார், மச்சான் நின்றிருந்தான். “வீட்டுக்கு வந்தப்புறம்” என்று திருத்திச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். இப்படி நானும் ஒரு படிவத்துக்கு ஒத்துழைத்தேன்.

ஏழாம் அமர்வு.

தலைவர் சமரசத் தீர்மானம் ஒன்றைத் தட்டச்சு செய்து ஐந்து பிரதி கொண்டுவந்திருந்தார். மீதமுள்ள மூன்று சுற்றுத் தற்காலிக மந்திரம் ரத்து. ஈடாக, வீரனின் வாள் நிரந்தரமாக ஒன்று கூடுதல் பெறும். அட்டை காரியதரிசியிடம் ஒப்படைக்கப்படும். “மூணு சுத்துக்குப் பதிலா காலம் பூரா. உங்களுக்குக் கசக்குமா?” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனிதர். உண்மையாகவே எனக்கு ஏதோ தருவதாக நினைத்தார்.

“அட்டையைத் தர முடியாது” என்றேன்.

“அது வெறும் டோக்கன் அட்டைங்க” என்றார் டாக்டர். “என்கிட்ட கட்டுக் கட்டா இருக்கு.”

“தர முடியாது.”

“அப்ப மந்திரம் செல்லும்னு நிரூபிக்கணும்” என்றான் மச்சான். “குறிப்பை வாசிங்க மேடம்.”

நான் கை தூக்கினேன். “நேரம் ஆகுது. வாசித்ததாக எடுத்துக்கொள்ள...”

“எடுத்துக்க முடியாது, மாமா. நான் அன்னைக்கு இல்ல. எனக்கு யாரும் வாசிக்கல.”

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஓர் உறுப்பினர் எதிர்த்தால் வாசித்தே ஆக வேண்டும் என்றிருந்தது. அந்த விதியை எழுதியவர் அவர்தான். டாக்டர் கடைவாய்ப் பல்லின் படத்தைப் பார்க்கத் தொடங்கினார், முதல் தடவை பார்க்கிற மாதிரி.

காரியதரிசி நோட்டைத் திறந்தார். நீதிமன்றத்தில் வாசிப்பது போலவே வாசித்தார். ஏற்ற இறக்கம் இல்லை. அது அவர் தொழில்.

“நான்கு பத்து. ஐந்தாம் சுற்று தொடக்கம். திருடி பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே ஒரு வாள். நிரந்தர மந்திரம், ஒன்று கூடுதல்.

“நான்கு பன்னிரண்டு. மந்திரக்காரி: எனக்குத் தலை ரொம்ப வலிக்குது. இந்த மாதிரி வலிச்சதே இல்ல. கிளம்பலாமா. வீரன்: இரு, ஒரு நிமிஷம். இது முக்கியமான விஷயம்.

“நான்கு பதின்மூன்று. வைத்தியர்: என் பாத்திரத்துகிட்ட குணமாக்கற மந்திரம் ஒண்ணு மிச்சம் இருக்கு, போடட்டுமா. கதை சொல்பவர்: தலைவலி ஆட்டக்காரருக்கு. பாத்திரத்துக்கு இல்ல. செல்லாது. அடைப்புக்குறிக்குள், சிரிப்பு. ஒருவர் நீங்கலாக.”

அவர் பக்கத்தைத் திருப்பினார். எச்சில் தொடாமல் திருப்பினார்.

“நான்கு பதினான்கு. வீரன், எரியும் வாளை வைத்திருப்பதா, நிரந்தர வாளை எடுப்பதா, இரண்டில் எது லாபம் என்ற கேள்வியை எழுப்புகிறார். நான்கு நாற்பத்தைந்து வரை பேசுகிறார்.” நிமிர்ந்தார். “இதை முழுசா வாசிக்கணுமா? ஒம்பது பக்கம்.”

“வேணாம்” என்றான் மச்சான்.

“நான்கு நாற்பத்தாறு. ஆறாம் சுற்று. மந்திரக்காரி: இந்த லைட்டை அணைக்க முடியுமா. கதை சொல்பவர்: பகடை தெரியாதுங்க.

“நான்கு ஐம்பத்தெட்டு. ஏழாம் சுற்று. கதை சொல்பவர்: மந்திரம் இன்னும் நிக்குதா. மந்திரக்காரி: நிக்குது. நான் பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். அவரைச் சீக்கிரம் வெட்டச் சொல்லுங்க.

“ஐந்து இரண்டு. மந்திரக்காரி வாந்தி எடுக்கிறார். ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது.”

நோட்டை மூடினார். மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

தலைவர்தான் முதலில் தேறினார். தலைவர்கள் அதற்குத்தான் இருக்கிறார்கள். “குறிப்பு தெளிவா இருக்கு” என்றார். “மந்திரம் போட்டவர், கடைசி வரைக்கும் பிடிச்சிட்டிருந்தார்னு அவர் வாயாலேயே சொல்லியிருக்கார். கவனம் கலையல. அதனால மந்திரம் செல்லும். மூணு சுத்தும் பாக்கி இருக்கு.”

நான் ஜெயித்துவிட்டேன். அட்டை என்னுடையது.

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. தலைவரைப் பார்த்தான். “ஒரு சுத்துன்னா எவ்வளவு நேரம்?”

“ஆட்டக் கணக்குல ஆறு விநாடி.”

“அஞ்சு, ஆறு, ஏழு. மூணு சுத்து.”

“பதினெட்டு விநாடி” என்றார் தலைவர். பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்றோ என்னவோ, “பதினெட்டு விநாடிதான்” என்றார்.

“நாலு பத்துலருந்து அஞ்சு ரெண்டு வரைக்கும்” என்றான் மச்சான்.

யாரும் கழித்துச் சொல்லவில்லை. சூத்திரம் கண்டவர்கள், தேய்மானம் கழித்தவர்கள், எங்கள் யாருக்கும் அந்தக் கழித்தல் வரவில்லை.

அவன் எழுந்தான். சட்டைப்பையிலிருந்து கோடாலியின் அட்டையை எடுத்து, என் டோக்கன் அட்டைக்குப் பக்கத்தில், ஓரம் சரிசெய்து வைத்தான். அக்கா மாதிரியே.

“இது நிரந்தரம், மாமா. நீங்களே வெச்சுக்குங்க.”

“மச்சான்.”

“அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்ல மாட்டேன்.”

கதவு மெதுவாக மூடுவதற்கென்று டாக்டர் ஒரு கருவி பொருத்தியிருந்தார். அது தன் நேரத்தை எடுத்துக்கொண்டு மூடியது.

குழு கலையவில்லை. எங்கள் குழுவை நான் ஏன் புகழ்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும். வேறு எந்தக் குழுவாக இருந்தாலும் அந்த இடத்தில் யாராவது அழுதிருப்பார்கள், யாராவது மன்னிப்புக் கேட்டிருப்பார்கள், அலுவல் கெட்டிருக்கும். எங்கள் தலைவர் படிவத்தில் அடுத்த வரியை வாசித்தார். “வாசிக்கப்பட்ட குறிப்புல திருத்தம் ஏதாவது உண்டா?”

டாக்டர் இல்லை என்று தலையாட்டினார். காரியதரிசி பேனாவோடு காத்திருந்தார்.

நான் கை தூக்கினேன். பழக்கதோஷம். மூவரும் என்னைப் பார்த்தார்கள். ஒத்திவைப்பை எதிர்பார்த்திருப்பார்கள்.

“ஒரு திருத்தம். குறிப்புல இல்ல, வருகைப் பதிவுல. ஏழு அமர்வுலயும் முன்னறிவிப்பின்றி வராதோர் ஒருவர்னு இருக்கு.”

“ஆமா.”

“அது தப்பு. கட்டத்தை மாத்துங்க. முன்னறிவிப்பு கொடுத்திருக்கா. நாலு பன்னிரண்டுக்கு.”

காரியதரிசி ஏழு தாள்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்தை அடித்து, இன்னொரு கட்டத்தில் எழுதினார். ஓரத்தில் நேரத்தைக் குறித்தார். தலைவர் திருத்தத்தை ஓட்டுக்கு விட்டார். மந்திரக்காரியின் கவனம் ஒரு சுற்றிலும் கலையவில்லை என்பதும் அதோடு சேர்த்து ஓட்டுக்கு விடப்பட்டது. அன்று மேசையில் அவளோடு இருந்த மற்ற நால்வரின் கவனம் எங்கே இருந்தது என்பது குழுவின் ஆய்வு வரம்புக்குள் வராது.

நால்வரும் கை தூக்கினோம். எதிர்த்தவர் யாருமில்லை.